கட்டிய கைகள்

2010 ஒக்டோபரில் டெல்லியில் பொதுநலவாய விளையாட்டு விழா நடந்தபோது, தல்கதோரா உள்ளரங்கின் குத்துச்சண்டை மேடையில் ஏறி இறங்கியவர்களில் இரண்டு பேரை என்னால் சேர்த்துத்தான் நினைக்க முடிகிறது. அவர்கள் ஒருவரோடொருவர் மோதவில்லை. எடை வேறு. ஒருவர் 75 கிலோக்காரர் விஜேந்தர் சிங். ஹரியானாவில் பிவானிக்குப் பக்கத்துக் காலுவாஸ் கிராமம், தகப்பன் அரச பஸ் சாரதி. இரண்டு வருடம் முந்தி பெய்ஜிங்கில் வெண்கலம் வென்று, குத்துச்சண்டையில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தவர். மற்றவர் 56 கிலோக்காரர் மஞ்சு வன்னியாரச்சி, எங்கள் நாட்டுக்காரர். சனம் கத்தியதெல்லாம் விஜேந்தருக்காக. அவர் அரையிறுதியில் இங்கிலாந்தின் அந்தனி ஒகோகோவிடம், மத்தியஸ்தர் கொடுத்த எச்சரிக்கைப் புள்ளிகளால், 3–4 என்று தோற்று வெண்கலத்தோடு நின்றார். மஞ்சுவுக்காகக் கத்த அங்கே அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள். அவரோ இறுதிப்போட்டியில் வேல்ஸின் ஷோன் மக்கோல்ட்ரிக்கை வென்று தங்கம் வாங்கினார். 1938இல் சிட்னியில் பார்னி ஹென்றிக்கஸ் வென்றதற்குப் பிறகு, 72 வருடம் கழித்து இலங்கைக்குக் கிடைத்த குத்துச்சண்டைத் தங்கம்.

அது கையில் நிலைக்கவில்லை. பரிசோதனையில் நண்ட்ரோலோன் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து அகப்பட்டது. பதக்கம் மக்கோல்ட்ரிக்குக்குப் போனது. விஜேந்தர் ஐந்து வருடம் கழித்து மன்செஸ்டரில் மேலங்கியைக் கழற்றிவிட்டுத் தொழில்முறை மேடையில் ஏறினார். தங்கம் வென்றவரின் பெயரைக் கேட்டால் எங்கள் பொடியன்கள் முழிக்கிறார்கள். வெண்கலக்காரரின் பெயர் விளம்பரத்திலும் சினிமாவிலும் தேர்தல் சுவரொட்டியிலும் வந்தது.

அந்த ஒக்டோபரில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர்தான்: அமெச்சூர். காசுக்காக அடிபடாதவர்கள் என்று பொருள் கொள்ளச் சொல்கிறார்கள். விஜேந்தரோ பெய்ஜிங் வெண்கலத்துக்குப் பிறகு ஹரியானா பொலிஸில் உயர் பதவி பெற்றவர். அவர் குத்தியது சம்பளத்தோடு. ஓய்வூதியமும் உள்ள சம்பளம். இந்தியாவில் ரயில்வேயும் பொலிஸும் இராணுவமும், இலங்கையில் முப்படையும் பொலிஸும் இல்லாவிட்டால் இந்த அமெச்சூர் விளையாட்டு ஒரு பருவத்தைக் கூடத் தாண்டாது. ஏழை வீட்டுப் பிள்ளை மூக்குடைபடப் போவது விளையாட்டு ஆசையால் மட்டும் என்று நம்புகிறவர், அந்த வீட்டு அடுப்பங்கரையை எட்டிப் பார்க்காதவர்.

அமெச்சூருக்கும் தொழில்முறைக்கும் நடுவே இந்தக் கோட்டைக் கிழித்தவர்கள் யார் என்று பார்த்தால் விளங்கும். குவீன்ஸ்பரி விதிகள் என்று சொல்லப்படும் கையுறைச் சட்டம் 1867இல் வந்தது. இங்கிலாந்தின் அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம் 1880இல் உருவானது. அதே காலத்தில் ஹென்லி படகோட்டப் போட்டியில், கையால் வேலை செய்து பிழைப்பவன், கூலிக்காரன் எவனும் அமெச்சூர் ஆக முடியாது என்று எழுதியே வைத்தார்கள். காசு தேவைப்படாதவன் காசைத் தொடாமல் இருப்பதைப் பெரிய ஒழுக்கமாக ஆக்கி, அதைத் தேவைப்பட்டவன் தலையிலும் சுமத்திய வேலை அது. 1912 ஸ்டொக்ஹோமில் இரண்டு தங்கம் வென்ற பூர்வகுடி அமெரிக்கர் ஜிம் தோர்ப், அதற்கு முந்தி சில்லறைக் காசுக்கு பேஸ்போல் ஆடினார் என்பதற்காக அடுத்த வருடமே பதக்கங்களை இழந்தார். 1983இல் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் இறந்து ஏறக்குறைய முப்பது வருடமாகியிருந்தது. தனி வெற்றியாளர் என்று முழுதாக ஒப்புக்கொண்டது 2022இல்.

மஞ்சுவின் கதையை தோர்ப்பின் கதையோடு சேர்க்க நான் வரவில்லை. ஊக்கமருந்து வேறு விடயம். எதிரே நிற்பவனின் உடம்புக்கும் அதில் ஆபத்து இருக்கிறது. ஆனால் பதக்கம் பறிபோன பின் என்ன மிஞ்சுகிறது என்பதில் இரண்டு கதையும் ஒன்றுதான். தொழில்முறை வீரன் தோற்றாலும் அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். அமெச்சூருக்குப் பதக்கம்தான் கூலி. அதைத் திருப்பி வாங்கிவிட்டால், அந்த மூன்று சுற்றும் நடக்கவே இல்லை என்றாகிவிடும்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து குத்துச்சண்டையைப் பற்றி எழுதுவது கொஞ்சம் விசித்திரம்தான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் என்பதால் படுவான்கரை. வயலும் எருமைப் பட்டியும் தான்தோன்றீச்சரர் தேரும் எங்களுக்குத் தெரியும். கயிறு கட்டிய மேடை தெரியாது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அக்கரைக்குப் போக 'பாதை'யில், அதாவது வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் அந்தத் தட்டைப் படகில், காத்து நிற்க வேண்டியிருந்தது. அக்கரையில் மட்டக்களப்பு நகரம். அங்கே அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் விளையாட்டை வளர்த்தார்கள். வெபர் அடிகளின் பெயரில்தான் இன்றைக்கும் மைதானம் இருக்கிறது. புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தைக் கட்டியெழுப்பியவர்களில் யூஜின் ஹேபர்ட் அடிகள் ஒருவர். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமல்போனார், கூடவே அவரோடு வந்த இளைஞனும். கூடைப்பந்து எங்கள் மாவட்டத்துக்கு வந்தது அதைத் தெரிந்த சில துறவிகள் வந்தபடியால். குத்துச்சண்டை தெரிந்த ஒருவர் அவர்களோடு வந்திருந்தால் எங்கள் கதை வேறாக இருந்திருக்கும்.

அப்படி ஒருவர் எங்கள் பக்கம் வராவிட்டாலும், குத்துச்சண்டை இந்த நாட்டில் பழையது. பள்ளிக்கூடங்களின் ஸ்டப்ஸ் கேடயத்துக்கு நூறு வயது கடந்துவிட்டது. 1948இல் இலங்கை முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு, லண்டனுக்கு, ஏழு பேரை அனுப்பியது. அதில் நான்கு பேர் குத்துச்சண்டைக்காரர். கொழும்பும் கண்டியும் பறங்கியர் குடும்பங்களும் பெரிய கல்லூரிகளும் சேர்ந்த உலகம் அது. ஹென்றிக்கஸும் அந்த உலகத்தவர். பின்னர் அது மெல்ல மெல்லப் படைமுகாம்களுக்குள் போனது. முகாமுக்குள் போன விளையாட்டு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு தூரமாகிவிடும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

எங்களிடம் இருந்த சண்டை வேறு. கொம்புமுறி. ஊர் இரண்டாகப் பிரியும்: வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வைரமேறிய இரண்டு வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, இரண்டு பக்கமும் இழுப்பார்கள். ஒன்று முறிய வேண்டும். முறித்த பக்கம் பாட்டாலேயே மற்றப் பக்கத்தைக் கிழித்தெடுக்கும். முறிந்த பக்கம் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும். யாருக்கும் சதம் கிடைக்காது. யாரும் அதற்கென்று உடம்பை வளர்ப்பதில்லை. நெல் மூட்டை தூக்கிய கைதான் இழுக்கிறது. சேரி பிறப்போடு வருவது, எதிர்ப்பக்கத்தில் மச்சான் நிற்பான். காசு இல்லாத விளையாட்டு உலகத்தில் எங்காவது இருந்தது என்றால் அது இதுதான். இதற்கு அமெச்சூர் சங்கம் ஒன்றும் இருக்கவில்லை, கணக்கெழுத ஒரு காரியதரிசியும் இருக்கவில்லை. இன்றைக்கு அதை யாராவது விழாக்குழு மேடையேற்றினால்தான் உண்டு. விழாக்குழு வந்தால் செலவுக் கணக்கும் வந்துவிடும்.

குத்துச்சண்டையில் நான் விரும்பிப் பார்ப்பது மணி அடிப்பதற்கு முந்திய நேரத்தை. கை கட்டுவது. அமெச்சூர்க் கட்டு என்பது நாலரை மீற்றருக்கு மேற்படாத ஒரு துணி நாடா, நுனியில் சிறு வளையம். வளையத்தைப் பெருவிரலில் மாட்டி, புறங்கையால் இறக்கி மணிக்கட்டைச் சுற்றுவார்கள். பிறகு விரல் மொளிகளுக்கு மேலாகச் சில சுற்று. பிறகு சின்னவிரல் இடுக்கால் நுழைத்து மணிக்கட்டுக்கு, அடுத்த இடுக்கால் நுழைத்துத் திரும்ப மணிக்கட்டுக்கு. ஒவ்வொரு சுற்றுக்கும் விரல்களை அகல விரித்துப் பிடிக்க வேண்டும். சுருக்கிப் பிடித்தால் பின்னால் இரத்தம் ஓடாது. கட்டி முடித்ததும் பொத்திப் பார்த்து, மற்ற உள்ளங்கையில் இரண்டு தட்டு. எந்தச் சத்தம் சரியான சத்தம் என்று பழகியவருக்குத் தெரியும். கையில் இருபத்தேழு எலும்பு, அத்தனையும் நுணுக்கமானவை. மண்டையோட்டை அடிப்பதற்காகக் கடவுள் அதைப் படைக்கவில்லை.

தொழில்முறையில் அந்த நாடா இல்லை. மெல்லிய மருத்துவத் துணியும் ஒட்டுநாடாவும். வீரன் கதிரையில் இருந்து கையை நீட்டிக் கொடுக்க, பயிற்சியாளர் கட்டுகிறார். பக்கத்தில் எதிராளியின் ஆள் ஒருவன் நின்று கண்கொட்டாமல் பார்க்கிறான். முடிந்ததும் அதிகாரி ஒருவர் பேனையால் அந்தக் கட்டின் மேல் கையெழுத்து வைக்கிறார். ஏன் இந்தக் கெடுபிடி என்று கேட்பவர் 1983 ஜூனில் நியூயோர்க் மெடிசன் ஸ்குவெயார் கார்டனில் நடந்ததைப் படிக்கலாம். லூயிஸ் ரெஸ்டோவின் கையுறையிலிருந்து திணிப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். எதிரே நின்ற பில்லி கொலின்ஸ் என்ற இளைஞனின் முகம் பத்துச் சுற்றில் அடையாளம் தெரியாமல் வீங்கியது. அவன் அதன் பிறகு மேடையேறவில்லை. கட்டும் கடினமாக்கப்பட்டிருந்தது என்று ரெஸ்டோ பல வருடம் கழித்து ஒப்புக்கொண்டார். காசு வந்ததால் களவு வந்தது என்று நல்லவர்கள் சொல்வார்கள். காசு வந்ததால்தான் பக்கத்தில் நின்று பார்க்கும் ஆளும் வந்தான் என்று நான் சொல்வேன்.

ஏனென்றால் காசே இல்லாத பக்கத்தின் களவை 1988இல் உலகம் பார்த்தது. சோல் ஒலிம்பிக் இறுதிப்போட்டியில் அமெரிக்காவின் ரோய் ஜோன்ஸ் 86 குத்து இறக்கினார். தென்கொரியாவின் பார்க் சி ஹுன் 32. தீர்ப்பு 3–2 பார்க்குக்கு. வென்றவரே வெட்கப்பட்டு நின்றார். அந்த மானக்கேட்டால்தான் 1992 பார்சிலோனாவில் இயந்திரம் வந்தது: ஐந்து தீர்ப்பாளர்களில் மூன்று பேர் ஒரு விநாடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் குத்து ஒரு புள்ளி. சென்னையிலிருந்து குத்துச்சண்டை வீரர் தேவராஜன் போன ஒலிம்பிக் அது. அந்த இயந்திரத்தோடு ஒரு புதுவகை வீரன் பிறந்தான். தொட்டுவிட்டு விலகுகிறவன். கனதியைவிடத் துல்லியம் முக்கியம். தீர்ப்பாளர் கண்ணில் படாத குத்து வயிற்றைக் கலக்கினாலும் குத்தல்ல. விஜேந்தர் அந்தப் பள்ளியின் கெட்டிக்காரர். 2008இல் எக்குவடோரின் கோங்கோராவை 9–4 என்று வென்றதும், கியூபாவின் கொறேயாவிடம் 5–8 என்று தோற்றதும், 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் உஸ்பெகிஸ்தானின் அத்தோயெவை 7–0 என்று வீழ்த்தித் தங்கம் எடுத்ததும் இந்தக் கணக்கில்தான். ஒன்பது நிமிடத்தில் ஏழு புள்ளி. மிச்சமெல்லாம் காற்றில் போனவை.

எண்ணுவது பற்றிப் பேசும்போது என் ஊர்க்காரர் எவரும் ஒரு கணம் தயங்குவார். 1987 ஜனவரி 28இல் மகிழடித்தீவு இறால் பண்ணைப் பக்கம் நடந்த படுகொலையையும், 1991 ஜூன் 12இல் கண்ணிவெடி ஒன்றுக்குப் பிறகு ஊருக்குள் நடந்ததையும் யாரும் விநாடிக் கணக்கில் எண்ணவில்லை. இரண்டாவதற்கு ஆணைக்குழு வைத்தார்கள்; அது 67 என்றது. ஊர் சொல்லும் தொகை அதைவிடப் பெரிது, இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறது. இதை நான் விளையாட்டோடு ஒப்பிடவில்லை. ஒப்பிட்டால் அது பாவம். ஆனால் மேடையில் ஒருவன் விழுந்ததும் மத்தியஸ்தர் இருவருக்கும் நடுவே புகுந்து, அடித்தவனைத் தூரத்து மூலைக்கு அனுப்பிவிட்டு, விரலைக் காட்டி எட்டு வரை எண்ணும்போது, இந்தச் சண்டையை வெறுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. விழுந்தவனுக்காக ஒருவர் எண்ணுகிறார். குத்துச்சண்டை காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லும் படித்த நண்பர்களோடு நான் இந்த இடத்தில்தான் முரண்படுகிறேன். மூளைக்கு வரும் கேட்டைப் பற்றி அவர்கள் சொல்வது முழுக்கச் சரி.

2015 ஒக்டோபர் 10. மன்செஸ்டர். சொனி வைட்டிங் என்ற ஆங்கிலேயரை விஜேந்தர் மூன்றாவது சுற்றில் நிறுத்தினார். முப்பது வயதாகும் தறுவாயில் ஒரு தொடக்கம். தொழில்முறைக்கு இது பிந்திய வயது. மொகமட் அலி ரோமில் தங்கம் வென்று இரண்டு மாதம் ஆகுமுன், பதினெட்டு வயதில், தன் முதல் தொழில்முறைச் சண்டையை முடித்துவிட்டார். விஜேந்தர் பல வருடம் பழகியதை மறக்க வேண்டியிருந்தது. தலைக்கவசம் இல்லை, மேலங்கி இல்லை, கையுறையில் பஞ்சு குறைவு. மூன்று சுற்று ஓட்டம் பத்துச் சுற்று நடையாகிறது. தொட்டுவிட்டு ஓடுவதற்கு மரியாதை இல்லை. விலாவில் இறக்கும் குத்து ஆறாவது சுற்றில்தான் பலன் தரும், அதைப் பொறுத்திருந்து போட வேண்டும். அவர் பழகிக்கொண்டார். 2016 ஜூலையில் டெல்லி தியாகராஜ் அரங்கில் கெரி ஹோப்புடன் பத்துச் சுற்றும் நின்று ஆசிய பசிபிக் பட்டம் எடுத்தார். தொடர்ந்து பன்னிரண்டு வெற்றி. எதிராளிகளைத் தெரிந்து பொறுக்கினார்கள் என்ற முணுமுணுப்பு இருந்தது. அதில் உண்மையும் இருந்தது. தொழில்முறையில் வீரனை வளர்ப்பது என்றால் அதுதான், எல்லா நாட்டிலும். உலகப் பட்டம் என்ற பேச்சு வந்து வந்து போனது. அந்த வாசலுக்கு அவர் போகவில்லை.

2021 மார்ச்சில் கோவாவில், ஒரு சூதாட்டக் கப்பலின் மேல்தட்டில், ரஷ்யாவின் ஆர்தீஷ் லோப்சானிடம் ஐந்தாவது சுற்றில் நிறுத்தப்பட்டார். முதல் தோல்வி. சூதாட்டக் கப்பல் என்றதும் முகம் சுளித்து எழுதியவர்கள் உண்டு. ஒலிம்பிக் வளையங்களின் கீழே நடக்கும்போது மட்டும் அது கோயிலாகிவிடுமா? அடுத்த வருடம் ராய்ப்பூரில் கானாவின் எலியாசு சுலியை இரண்டாவது சுற்றில் வீழ்த்தினார். மேடைக்கு வெளியே தேர்தல், தோல்வி, பிறகு கட்சி மாற்றம். அதை அரசியல் எழுதுபவர்கள் எழுதட்டும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் வேறொருவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 64 கிலோ பிரிவில் துளசி தருமலிங்கம் என்ற பெயர் வந்தது. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு ஜெர்மனியில் பிறந்தவர். நெஞ்சில் இருந்த கொடி கட்டார் நாட்டுடையது. இதைக் கேட்டதும் சிலருக்குக் கோபம், சிலருக்குப் பெருமை. எனக்கு இரண்டும் வரவில்லை. எங்கள் படுவான்கரையில் கட்டாருக்குப் போன ஆள் இல்லாத வீதி எது? கட்டடம் கட்டப் போனவர்கள், வாகனம் ஓட்டப் போனவர்கள், வீட்டுவேலைக்குப் போன தாய்மார். எல்லோரும் கையை வாடகைக்குக் கொடுக்கத்தான் போனார்கள். இவர் போனதும் அந்த வழியில்தான், கையுறை மாட்டிக்கொண்டு. அதே ரியோவில்தான் தொழில்முறை வீரர்களும் வரலாம் என்று முதன்முதலாகக் கதவைத் திறந்தார்கள். மூன்று பேர்தான் வந்தார்கள், ஒருவரும் பதக்கம் பெறவில்லை. ஆண்களின் தலைக்கவசமும் அந்த முறை ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. கியூபா 1962இலிருந்து மூடி வைத்திருந்த தொழில்முறைக் கதவை 2022இல் திறந்தது. ஸ்டீவன்சன் மூன்று ஒலிம்பிக் தங்கத்தோடு, கோடிக்கணக்கான காசை வேண்டாம் என்று சொல்லி, அலியோடு மோதாமலே ஓய்ந்த நாடு அது. அவர் சொன்ன மறுப்பை நான் மதிக்கிறேன். அந்த மறுப்பை எல்லாப் பிள்ளைகளுக்கும் அறுபது வருடம் சட்டமாக்கியதை மதிக்க முடியவில்லை.

'சார்பட்டா பரம்பரை' படம் வந்த பிறகு எங்கள் பொடியன்களுக்கு ஒரு ஆசை பிடித்தது. வாத்தியார், பரம்பரை, ரோசம் என்று வடசென்னைப் பேச்சு இங்கே வீதியில் கேட்டது. சாக்கில் மண்ணைக் கொட்டி வேப்பமரத்தில் கட்டி, வெறுங்கையால் குத்தி, மொளி கிழிந்து வந்தார்கள். மண் நிரப்பினால் கல்லாக இறுகிவிடும், பழைய துணியும் மரத்தூளும் போடுங்கள் மனே என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டார்கள்தான். பிறகு ஒருவன் கேட்டான்: "ஐயா, இதைப் பழகினா பொலிஸில எடுப்பாங்களா?" அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பிவானியிலும் அதைக் கேட்டுத்தான் தொடங்கியிருப்பார்கள்.

அக்கரையில் முன்னர் படையில் குத்துச்சண்டை பழகி ஓய்வுபெற்ற ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். தமிழ் பேசுவார், கோபம் வராத மனிதர். பாலம் இருக்கிறது, வரலாம். வாரத்தில் இரண்டு பின்னேரம் வந்து சொல்லிக் கொடுக்க முடியுமா என்று தொலைபேசியில் கேட்டோம். அவர் எங்கள் ஊரைப் பற்றியோ பிள்ளைகளின் தொகையைப் பற்றியோ முதலில் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய்க் காசு யார் தருவது, ஒரு பின்னேரத்துக்கு எவ்வளவு, மாத முடிவில் தருவீர்களா கையோடு தருவீர்களா என்று கேட்டார். பக்கத்தில் இருந்த நண்பருக்கு முகம் கறுத்துவிட்டது. நான் கொப்பியை எடுத்து அவர் சொன்ன தொகையை எழுதிக்கொண்டேன். கொஞ்சம் குறைக்க முடியுமா என்றும் கேட்டேன். முடியாது என்றார்.